புதுப்பிப்பு: டோலமைட்டில் கோனோடோண்ட் எடுக்க வழி கிடைத்தது

பெர்மியன்–ட்ரையாசிக் காலங்களுக்கு இடையிலான எல்லையைக் கண்டுபிடிக்க, கோனோடோண்ட் (பல் போன்ற நுண்ணிய புதைபடிவம்) எடுக்கலாம் என்று மியான்மரின் ஷான் மேட்டுநிலக் கல் மாதிரிகளை 10% அசிட்டிக் அமிலத்தில் ஊறவைத்தும் கரையவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது மோல்மேன் அண்ணன் சொன்ன பார்மிக் அமிலம். ரப்பர் பால் உறையவைக்கிறார்களே, அதேதான்.

கீழ் அடுக்கில் உள்ள தித்சிபின் சுண்ணாம்புக்கல்லுக்கு அசிட்டிக்கே போதும். அதற்கு மேல் அடுக்கில் வரும் நுவபாங்யி டோலமைட்டுக்கு (மக்னீசியமும் கலந்த கார்பனேட் கல்) அது பற்றாது. 85% பார்மிக் ஒரு லிட்டரை ஏழரை லிட்டர் தண்ணீரில் (தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்) கலந்து, அரைக் கிலோ கல் போட்டேன். சுண்ணாம்புக்கல் தூளும் (கால்சியம் கார்பனேட்) ட்ரைகால்சியம் பாஸ்பேட்டும் கல் போடுமுன்பே அமிலத்தில் கரைத்துவிடுங்கள். கோனோடோண்டும் பாஸ்பேட்தான், வெறும் அமிலம் அதையும் அரித்துவிடும். முதல் தவணையில் இதை விட்டதால் கோனோடோண்ட் பற்களின் நுனி மழுங்கி, வெள்ளை பூத்து வந்தது.

எதிர்பாராதது: கனமான கோனோடோண்டை மூழ்கவைத்துப் பிரிக்கும் 2.8 அடர்த்திக் கரைசலில், அமிலத்தில் கரையாத டோலமைட் படிகங்களும் கூடவே மூழ்கின. டோலமைட்டின் அடர்த்தி சுமார் 2.85. நுரை முழுதாக அடங்கும்வரை வண்டலை மறுபடி அமிலத்தில் போட்டபின்தான் பிரிக்க வேண்டும்.

ட்ரையாசிக்கின் தொடக்கத்தைக் காட்டும் ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடோண்ட் இனம் இன்னும் சிக்கவில்லை. அதனால் எல்லைக்கோடு போடவில்லை.