புதுப்பிப்பு: கீமோவை இடையில விடலாமா என்று கேட்டிருந்தன்

மார்புப் புற்றுநோய்க்கு எடுக்கிற கீமோவை (புற்றுநோய்க் கலங்களை அழிக்கிற மருந்து) விட்டிடலாமோ என்று போன பதிவில எழுதியிருந்தன். விடேல்ல. தொடர்ந்து எடுக்கிறன்.

அதை வாசிச்சிட்டு திருகோணமலை உப்புவெளி அக்கா ஒராள் வீட்டுக்கே வந்தா. சத்திரசிகிச்சை, கீமோ எல்லாம் முடிஞ்சு இப்ப ஹோர்மோனைத் தடுக்கிற தமொக்சிபென் குளிசையில இருக்கிறா. ஹோர்மோனால வளருற வகை என்றபடியால் குறைஞ்சது 5 வருசம் போட வேணும். "முடி திரும்ப வரும் பிள்ளை, தொட்டுப் பார்" என்று தலையைக் குனிஞ்சு காட்டினா. நான் அழுதிட்டன். எந்த டொக்டர் சொல்லியும் வராத தைரியம் அது.

கீமோ எடுக்கிற கிண்ணியா ராத்தா ஒராளும் எங்களோட சேர்ந்திட்டா. கிளினிக் நாள் ஒத்துவந்தால் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒண்டாத்தான் இரவு ரயில் ஏறுறம்.

போன கிழமை ராத்தாவுக்கு நடுச்சாமத்தில காய்ச்சல், 38 பாகைக்கு மேல. மகன் எனக்கு எடுத்தார். பனடோல் குடுத்து விடியும்வரை பாக்காதேங்கோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்றன். கீமோ நேரம் வெள்ளை அணுக்கள் குறைஞ்சிருக்கும், கிருமித்தொற்று உயிருக்கே ஆபத்து. இப்ப சுகமா வீட்டில இருக்கிறா.

நிலாவெளி, மூதூர்ப் பக்கம் தனியாப் போய்வாற ஆரும் இருந்தால் எழுதுங்கோ. சேர்ந்தே போவம்.