கிணத்துத் தண்ணியில குளோரின் நிக்குதில்லை, பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) திரும்ப வரப்போறார். உதவி தேவை

கோண்டாவிலான்:
சின்னத் தேத்தண்ணிக் கடை வைச்சிருக்கிறன். போன கிழமை பி.எச்.ஐ வந்து பார்த்தவர். வடை, ரோல்ஸ் கண்ணாடிப் பெட்டிக்குள்ள, குப்பைவாளிக்கு மூடி, எல்லாம் சரியாம். பைப் தண்ணியைப் பிடிச்சு, குளோரின் இருக்கோ எண்டு மருந்து விட்டுப் பார்த்தார், நிறமே மாறேல்லை. ஒழுங்குபடுத்தச் சொல்லி எழுதித் தந்திட்டுப் போனார். அண்டைக்குப் பின்னேரமே கிணத்துக்குள்ள குளோரின் தூள் போட்டன். விடிய மணந்தது, மத்தியானம் ஒண்டுமில்லை. கூட்டிப் போடலாமோ?

சுன்னாகத்தான்:
எங்கட சுண்ணாம்புக்கல் கிணறு இறைக்க இறைக்க ஊறும். புதுத் தண்ணி வந்தால் குளோரின் எங்க நிக்கிறது? மோட்டர் போட்டு ஏத்திற தாங்கியில போடுங்கோ.

வடலி:
குளோரின் மணத்தோட தேத்தண்ணி ஆர் குடிக்கிறது? இவை சின்னக் கடையளில மட்டும்தான் பாய்வினம்.

பழைய பரிசோதகர்:
வடலி, தேத்தண்ணி கொதிக்கேக்க குளோரின் போயிடும். கிளாஸ் கழுவிறதும் சம்பல் அரைக்கிறதும் பச்சைத் தண்ணியில எல்லோ? நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) அதாலயும் பரவும். பெரிய கடையளும் நீதவான் நீதிமன்றம் ஏறி, சீல் வைச்சுக் கிடந்திருக்கு.

கோண்டாவில் தம்பி, கூட்டிப் போடாதையும். முதல் தாங்கியைக் கழுவும், அடியில கிடக்கிற மண்டியே குளோரினைத் தின்னும். 30 வீதத் தூள் எண்டால் 1000 லீற்றருக்கு 3.5 கிராம் மட்டில போட, லீற்றருக்கு 1 மில்லிகிராம் குளோரின் வரும். அரை மணித்தியாலத்தால சோதிச்சா லீற்றருக்கு 0.2க்கும் 0.5 மில்லிகிராமுக்கும் இடையில மிஞ்சவேணும். தூளா அள்ளிக் கொட்டப்படாது. வாளியில கரைச்சு, அடைய விட்டு, தெளிவை மட்டும் ஊத்தும். பை வாய் திறந்து கிடந்த தூளெண்டால் வலுவிருக்காது. தாங்கிக்கு மூடி இருக்கோ? வெயில் பட்டாலும் குளோரின் போகும்.

கோண்டாவிலான்:
மூடி பாதிதான் இருக்கு ஐயா, இண்டைக்கே மாத்திறன்.

சுன்னாகத்தான்:
கிணத்துக்குக் கிட்ட மலசலகூடக் குழி, தோட்டம் ஏதும் இருக்கோ? அதுகளால தண்ணியில கலக்கிற நைத்திரேற்று எண்டால் குளோரினுக்கும் போகாது, கொதிக்க வைச்சாலும் போகாது. அதுக்குத் தண்ணியை வேற சோதிக்கவேணும்.

கோண்டாவிலான்:
தாங்கி கழுவி, மூடி போட்டு, நீங்கள் சொன்ன அளவில விட்டன். மருந்து விட இளமஞ்சள் வருது, பின்னேரமும் நிண்டது. ரொட்டி போடுற பெடியனுக்கு மெடிக்கல் சேர்ட்டிபிக்கட் ஆர் குடுக்கிறது?

பழைய பரிசோதகர்:
உங்கட பகுதி எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில கேளும். நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசியையும் அங்கேயே விசாரியும். வயித்தாலடி எண்டால் சுகமாகும்வரை அவனைக் குசினிக்குள்ள விடாதையும்.