மறு: ‘ரைடு ஷேரிங்’ – பகிர்பயணமா, சேர்பயணமா?

அனைவருக்கும் வணக்கம்.

> ரைடு ஷேரிங் = பகிர்பயணம். சொன்னால் யாருக்கும் புரிகிறது. இதற்குமேல் இழையை இழுக்க வேண்டாமே.

கொஞ்சம் இழுக்கத்தான் வேண்டும் ஐயா. அகராதிக்கு ஒரு சொல் என்றால் பகிர்பயணம் போதும். நம் சொற்கள் போகப்போவது பெங்களூரில் டாக்ஸியும் ஆட்டோவும் ஓட்டுகிற நம்மாட்களுக்கான கையேட்டுக்கு. அல்சூரிலோ விவேக்நகரிலோ இருக்கும் ஓட்டுநர் அதைப் புரட்டுவது ஒரே காரியத்துக்காகத்தான்: எந்தச் சவாரி ஓட்டினால் ஆர்.டி.ஓ. பிடிப்பார், எதற்கு விட்டுவிடுவார். மூன்று வேறு காரியங்களுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டால் அவருக்கு அந்தக் கையேட்டால் ஒரு பயனும் இல்லை.

செயலியில் கூப்பிட்டால் வரும் டாக்ஸி இருக்கிறதே, அதில் ஏறுபவர் ஒருவர், முழுக் கட்டணமும் அவருடையது. அதையும் வெளிநாட்டு ஏடுகள் வெகுகாலம் ‘ரைடு ஷேரிங்’ என்றே எழுதின. அதில் யார் யாரோடு எதைப் பகிர்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதைச் செயலி டாக்ஸி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நமக்கு வேலை வைப்பவை மற்ற இரண்டும். யெல்லோ போர்டு டாக்ஸியில் முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேர் ஒரே வழியில் போவது ஒன்று. ஒயிட் போர்டு சொந்தக் காரில் ஆபீஸ் போகிறவர், அதே பக்கம் போகிறவரை ஏற்றிக்கொண்டு பெட்ரோல் காசு வாங்குவது இன்னொன்று.

> கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வதுதான் இதன் உயிர். ஆள் ஆளுக்குத் தனிக் கட்டணம் வாங்கினால் அது பஸ் மாதிரி ஆகிவிடும், அதனால்தான் தடை என்று கேள்விப்பட்டேன். ஆகவே ‘பகிர்’ சரியான வேர்.

இந்த இடத்தில்தான் எனக்கு மாற்றுக் கருத்து அக்கா. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(7)ஐ எடுத்துப் பாருங்கள். டாக்ஸிக்குக் கிடைப்பது கான்ட்ராக்ட் கேரேஜ் பெர்மிட். அதாவது வண்டியை மொத்தமாக ஒருவர் பேசி அமர்த்துகிறார், அந்த ஒப்பந்தத்தில் அடங்கியவர்கள் ஏறுகிறார்கள். அந்தப் பிரிவின் கடைசி வரியே சொல்கிறது: மோட்டார் கேப்பில் ஆளுக்குத் தனித்தனியாகக் கட்டணம் வாங்கினாலும் அது கான்ட்ராக்ட் கேரேஜ்தான். ஆக, காசைப் பங்கு போட்டுக்கொள்வதில் சட்டத்துக்கு வருத்தமே இல்லை. அதற்குப் பிடிக்காதது வேறு. ஒப்பந்தத்தில் இல்லாத ஆளை நடுவழியில் ஏற்றக்கூடாது, இறக்கக்கூடாது. ஏற்றி இறக்கிப் போவது ஸ்டேஜ் கேரேஜ் வேலை. அதற்கு வேறு பெர்மிட், அதுவும் ஓட்டுநரைத் தவிர்த்து ஆறு பேருக்கு மேல் உட்காரும் வண்டிக்கு.

கல்யாண வேனை நினைத்துப் பாருங்கள். ஓசூரில் பெரியப்பா வீட்டார் ஏறுவார்கள், கிருஷ்ணகிரியில் மாமா ஏறுவார். நடுவழியில்தான் ஏறுகிறார்கள், ஆனால் அவர்கள் எல்லோரும் வண்டி பேசியபோதே பட்டியலில் இருந்தவர்கள். அதில் தப்பில்லை. செயலி வழியாக ஆள் சேர்த்துப் போகும் ‘பூலில்’ சிக்கல் எங்கே என்றால், பட்டியல் மூடவே இல்லை. கோரமங்களாவில் நீங்கள் ஏறி உட்கார்ந்து, சில்க் போர்டு சிக்னலில் வண்டி நிற்கும்போது, அதுவரை யாரென்றே தெரியாத ஒருவர் போனில் தட்டுகிறார். ஓட்டுநரின் திரையில் மணி அடிக்கிறது. வண்டி சர்வீஸ் ரோட்டுக்குத் திரும்புகிறது. 1988இல் சட்டம் எழுதியவர்கள் இப்படி ஒரு காட்சியை எங்கே கண்டார்கள்!

2017 தொடக்கத்தில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை ஓலா ஷேர், ஊபர்பூல் என்ற பூல் சேவைகளை நிறுத்தச் சொன்னபோது காட்டிய காரணமும் இந்தப் பெர்மிட்தான். இத்தனைக்கும் செயலி டாக்ஸிகளுக்கென்று 2016இலேயே தனி விதிகள் போட்ட மாநிலம் இது.

அதனால் சொல் ‘பகிர்’ என்ற வேரில் நிற்பதைவிட ‘சேர்’ என்ற வேரில் நிற்பதுதான் பொருத்தம் என்கிறேன். வழியில் இன்னொருவர் வந்து சேர்கிறார். வம்பு தொடங்குவதும் அவர் சேரும் அந்த இடத்தில்தான். சேர்பயணம். கூடவே ஒரு வசதி: நம் ஊரில் ‘ஷேர் ஆட்டோ’வைப் பாதிப்பேர் ‘சேர் ஆட்டோ’ என்றுதான் எழுதுகிறார்கள், சொல்கிறார்கள். காது ஏற்கெனவே பழகிவிட்டது.

> கூட்டுப்பயணம் என்றால் என்ன குறை?

குறை இல்லை தம்பி, ஆனால் கூட்டமாகக் கோவிலுக்குப் போகிற மேல்மருவத்தூர் பஸ் ஞாபகம் வருகிறது.

இப்போது சொந்தக் கார். இதற்கும் சேர்பயணம் என்று போட்டால் மறுபடியும் பழைய குழப்பம்தான். 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அக்ரிகேட்டர் (செயலி டாக்ஸி நிறுவனங்கள்) வழிகாட்டு நெறிமுறையே இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தது. டாக்ஸியில் ஆள் சேர்ப்பதை அது ‘பூலிங்’ என்றது. ஒரே வழியில் போகிறவர்கள், செயலி வழியாக ஏற்படும் ‘மெய்நிகர் ஒப்பந்தம்’ என்று ஒரு தந்திரமான சொற்றொடரைப் போட்டு, பழைய பிரிவு 2(7)க்குள் அதை நுழைக்கப் பார்த்தது. பெண் பயணிக்குப் பெண்களோடு மட்டும் சேரும் தெரிவைத் தர வேண்டும் என்றும் சொன்னது. (இந்த ஒரு வரிக்காகவே கையேட்டில் பூலிங் தனித் தலைப்பாக வர வேண்டும்.) சொந்த வண்டிக்குத்தான் அங்கே ‘ரைடு ஷேரிங்’ என்று பெயர். ஊருக்குள் என்றால் ஒரு நாளைக்கு நான்கு தடவை, வெளியூர் என்றால் வாரத்துக்கு இரண்டு தடவை, அதுவும் மாநில அரசு தடுக்காதவரை.

மாநில அரசு தடுக்காதவரை என்பதில்தான் பெங்களூர்க்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2023 அக்டோபரில் கார்பூலிங் தடை என்று ஊரே அல்லோலகல்லோலப்பட்டது நினைவிருக்கும். காசுக்கு ஆள் ஏற்றினால் அது வாடகை, ஒயிட் போர்டுக்கு அதற்கு அனுமதி கிடையாது என்பது அரசின் நிலை. டாக்ஸி ஓட்டுநர்களும் அதைத்தான் கேட்டார்கள்: நாங்கள் பெர்மிட், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), பேட்ஜ், வரி என்று கட்டிவிட்டு நிற்கிறோம், இவர் எதுவும் கட்டாமல் எங்கள் சவாரியை எடுக்கலாமா? ஞாயமான கேள்வி. ஐ.டி. கம்பெனி நண்பர்கள் பக்கத்திலும் ஞாயம் இருக்கிறது. காலியாக நான்கு சீட்டோடு அவுட்டர் ரிங் ரோட்டில் நிற்கிற காரில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தால் ரோட்டில் இரண்டு கார் குறையும். யாரும் அதிகம் பேசாதது இன்ஷூரன்ஸ். சொந்தக் கார் பாலிசியில் வாடகைக்கு விடும் பயன்பாட்டை விலக்கியிருப்பார்கள். விபத்து என்று வந்தால், வாங்கிய எண்பது ரூபாய் பெட்ரோல் காசா வாடகையா என்ற கேள்வி அன்றைக்குத்தான் எழும்.

இரண்டையும் பிரிக்கும் கோடு எளிது. வண்டி எப்படியும் போகப்போகிறதா, இல்லை பயணிக்காகவே கிளம்புகிறதா? எப்படியும் போகிற வண்டியில் நீங்கள் கூடப் போகிறீர்கள் என்றால் அதற்குத் தமிழில் பழைய சொல்லே இருக்கிறது: வழித்துணை. கார்பூலிங் = வழித்துணைப் பயணம். ‘உடன்பயணம்’ என்று இன்னொருவர் சொன்னதும் பொருந்தும்தான். ஆனால் ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவரும் உடன்பயணிதான். வழித்துணை என்றால் யாரோ ஒருவர் அந்த வழிக்கு ஏற்கெனவே உரியவர், மற்றவர் அவரோடு ஒட்டிக்கொண்டவர் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

கடைசியாக பைக் டாக்ஸி. 2025 ஜூலை 1ஆம் தேதி அந்த 2020 நெறிமுறைக்குப் பதிலாக வந்த வழிகாட்டு நெறிமுறை, மாநிலங்கள் விரும்பினால் ஒயிட் போர்டு பைக்கிலும் செயலி வழியாக ஆள் ஏற்ற அனுமதிக்கலாம் என்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஷேர்டு மொபிலிட்டி’. பின்னால் ஒரே சீட்டு. யார் யாரோடு சேர்வது? இங்கே பகிரப்படுவது சும்மா கிடக்கும் வண்டி மட்டுமே. கர்நாடகத்தில் 2021இல் மின்சார பைக் டாக்ஸிக்குத் திட்டம் போட்டார்கள், 2024 மார்ச்சில் திரும்பப் பெற்றார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புப்படி 2025 ஜூன் 16ஆம் தேதி பைக் டாக்ஸி ஓட்டமே நிறுத்தப்பட்டது. இதற்குச் சேர்பயணமும் வேண்டாம், வழித்துணையும் வேண்டாம். கையேட்டில் ‘பைக் டாக்ஸி’ என்றே இருக்கட்டும். அலுவலக மொழி பூசிய மெழுகை நாமும் ஏன் பூச வேண்டும்?

அல்சூரிலிருந்து

—

மாட்டுங்காவிலிருந்து மறுமொழி:

அண்ணா, சேர்பயணம் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். மும்பையில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் டாக்ஸி, ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு உண்டு. நாங்கள் எல்லோரும் ஸ்டாண்டிலேயே ஏறுகிறோம், நடுவழியில் யாரும் சேர்வதில்லை. தடமும் ஆளுக்கு எவ்வளவு என்பதும் போக்குவரத்து ஆணையம் முடிவு செய்வது. ஆள் நிறைந்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். ஒரு சீட்டு குறைந்தால் நாங்களே பிளாட்பாரத்தைப் பார்த்துக் குரல் கொடுப்போம். நீங்கள் சொன்ன ‘மூடாத பட்டியல்’ இதில் இல்லையே. இதுவும் சேர்பயணமா?

—

தில்லி கரோல் பாக்கிலிருந்து மறுமொழி:

சேர்பயணம், வழித்துணை இரண்டுக்கும் என் ஒப்புதல். ‘சவாரி’ என்று இழை முழுக்க எழுதுகிறீர்கள். அது உருது வழி வந்தது. தவிர்க்கலாம்.

—

மாட்டுங்கா தம்பிக்கு: அதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை என்பது என் எண்ணம். தடமும் கட்டணமும் அரசு வகுத்தது, ஸ்டாண்டும் அரசு ஒப்பியது. அங்கே ‘ஷேர் டாக்ஸி’ என்பது கிட்டத்தட்ட ஒரு வண்டியின் பெயர். சேர்பயணம் என்பதைச் செயலி வழிப் பூலிங்குக்கு மட்டும் ஒதுக்கிவிடுவோம். பொருள் விளக்கத்தில் ‘வண்டி கிளம்பிய பிறகும் புதிய பயணி சேரக்கூடியது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் மும்பை ஸ்டாண்டு வெளியே நின்றுவிடும்.

கரோல் பாக் ஐயாவுக்கு: சொற்பட்டியலில் சவாரி வராது, உறுதி. ஆனால் கையேட்டின் உரைநடையில் அதை எடுக்க மாட்டேன். ‘இன்னைக்கு எத்தனை சவாரி?’ என்று கேட்காத ஆட்டோக்காரரை எனக்குக் காட்டுங்கள், எடுத்துவிடுகிறேன்.

வேறு மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏறப்போவது: செயலி டாக்ஸி, சேர்பயணம், வழித்துணைப் பயணம். கான்ட்ராக்ட் கேரேஜ், ஸ்டேஜ் கேரேஜ் இரண்டையும் பெர்மிட் அட்டையில் இருக்கிறபடியே தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். அட்டையையும் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

தேவை கூடும்போது செயலி ஏற்றுகிற ‘சர்ஜ்’ கட்டணத்துக்கு ஏறுகட்டணமா மாறுகட்டணமா என்று இருவர் தனி மடலில் கேட்டிருந்தீர்கள். 2025 நெறிமுறையில் அடிப்படைக் கட்டணத்தின் பாதி வரை இறங்கலாம், இரண்டு மடங்கு வரை ஏறலாம் என்று இருப்பதால் மொத்த முறைக்கு மாறுகட்டணம், ஏறும்போது மட்டும் ஏறுகட்டணம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் கர்நாடகம் 2024 பிப்ரவரியில் டாக்ஸிக்கு ஒரே சீரான கட்டணம் என்று ஆணை போட்டிருக்கிறது. அதோடு இது எப்படி ஒத்துப்போகும் என்று பார்க்க வேண்டும். தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.