கௌட் மாத்திரை கண்வலிக்கிழங்கு விதையில்தானே எடுக்கிறார்கள், விதையையே பொடி செய்து கொடுக்கலாமா?

கம்பிப்பந்தல்:
வணக்கம். மூலனூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது. போன மாதம் ராத்திரி ரெண்டு மணிக்கு வலது கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே கத்துகிற அளவுக்கு வலி. டாக்டர் கௌட் என்று சொல்லி கோல்ச்சிசின் 0.5 மி.கி. மாத்திரை கொடுத்தார், ரெண்டு நாளில் வடிந்துவிட்டது. இப்போது பெரியப்பா, "இது நம்ம காட்டு விதையில எடுக்குறதுதான்டா, நாலு விதையை வறுத்துப் பொடி பண்ணி சுடுதண்ணியில குடு" என்கிறார். அப்பாவும் சரி என்கிறார். வீட்டில் மூட்டையாக விதை கிடக்கிறது. மூலிகையாகவே எடுத்தால் பக்கவிளைவு வராது என்கிறார்களே, உண்மையா?

மருந்தாளுநர்_கரூர்:
தயவுசெய்து கொடுக்க வேண்டாம். பெரியப்பா சொன்னதில் பாதி சரிதான், அந்த மருந்து உங்கள் செடியில் இருக்கிறது, கிழங்கைவிட விதையில் அதிகம். சிக்கல் அளவில்தான். விதையில் அரை சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 1 கிராம் பொடியில் 5 மி.கி., அதாவது பத்து மாத்திரை. அதுவும் காட்டுக்குக் காடு மாறும், வறுத்தால் விஷம் போய்விடும் என்று நம்பவும் முடியாது. 2010இல் வந்த ஓர் ஆய்வில் கௌட் வலி தொடங்கியதும் ஒரு கூட்டத்துக்கு மொத்தம் 1.8 மி.கி., இன்னொரு கூட்டத்துக்கு 4.8 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது ஏறக்குறைய ஒரே மாதிரிதான், ஆனால் கூட எடுத்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு பிடுங்கி எடுத்துவிட்டது.

இது வேலை செய்யும் விதமே அப்படி. மூட்டில் யூரிக் ஆசிட் ஊசி ஊசியாகப் படிந்ததும் வெள்ளை அணுக்கள் அங்கே ஓடி வந்து சண்டை போடுவதால்தான் அந்த வீக்கம். அணுவுக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களைக் கோல்ச்சிசின் கட்டிப்போடுகிறது, அணுக்கள் ஓட முடியாது. அளவு மீறினால் இதே வேலையைக் குடல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றிலும் செய்யும். கிட்னி சரியில்லாதவர்களுக்கு மாத்திரை அளவையே குறைப்பார்கள், கிளாரித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் கூடச் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அப்பாவுக்குக் கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்ட் பார்த்தீர்களா? இன்னொன்று, கோல்ச்சிசின் யூரிக் ஆசிட்டைக் குறைக்காது. அடிக்கடி வந்தால் அதற்குத் தனி மருந்து வேண்டும்.

கலப்பைக்கிழங்கு:
நானும் இதே பயிர்தான், தாராபுரம் பக்கம். காலையில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைத்து வளர்க்கிறோம், அந்தச் செடிமேல் எனக்கு மரியாதை உண்டு. அதனாலேயே சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒருவர் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்றுவிட்டார். சில மணி நேரத்தில் வாந்திபேதி. மூன்றாம் நாள் தேறிவிட்டார் என்று நினைத்தோம், அப்புறம்தான் ரத்த அணுக்கள் சரிந்தன, ரெண்டாவது வாரம் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. பிழைத்தார். முறிவு மருந்து கையில் இல்லை, டயாலிசிஸ் செய்தாலும் இது வெளியேறாது என்று டாக்டர் சொன்னார். சித்த வைத்தியத்தில் இந்தக் கிழங்கை விஷம் நீக்கிச் சுத்தி செய்துதான் சேர்ப்பார்கள், அதுவும் வைத்தியர் கையில். சும்மா வறுத்துப் பொடிப்பது சுத்தி கிடையாது.

முடக்குவாதம்_12வருடம்:
எனக்கு இருப்பது கௌட் இல்லை, முடக்குவாதம், அதற்குக் கோல்ச்சிசின் மருந்தே இல்லை. "மூட்டுவலி மூலிகை" என்று எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போடாதீர்கள். மஞ்சளை நம்பி, முடக்குவாதத்துக்கு எடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை எட்டு மாதம் நிறுத்தினேன். வலி கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்தது, உள்ளே எலும்பு அரித்துக்கொண்டே போயிருக்கிறது. இடது கை நடுவிரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது, சேலை மடிப்புப் பிடிக்க மகள்தான் வர வேண்டும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் உடம்பில் சரியாக ஏறுவதே இல்லை. மிளகின் பைப்பரினோடு சேர்த்தால் நிறைய ஏறுகிறது என்று 1998லேயே பெங்களூரில் காட்டினார்கள், ஆனால் ரத்தத்தில் ஏறுவதும் மூட்டைக் காப்பதும் ஒன்றில்லை. மூலிகையே வேலை செய்யாது என்றும் சொல்ல மாட்டேன். சீனாவில் ஒரு கொடியின் சாற்றை மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்து 207 பேருக்குச் சோதித்தார்கள், தனியாக மெத்தோட்ரெக்ஸேட் எடுத்தவர்களைவிட சேர்த்து எடுத்தவர்களுக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் அந்தக் கொடி பெண்களுக்கு மாதவிலக்கை நிறுத்திவிடும், ஆண்களின் விந்தணுவையும் குறைக்கும். ரசமாக முடக்கறுத்தான் சாப்பிடட்டும், மாத்திரையை மட்டும் விட வேண்டாம்.

கம்பிப்பந்தல்:
மூவருக்கும் நன்றி. நகைத் தராசில் 1 கிராம் விதைப் பொடியை நிறுத்து அப்பா உள்ளங்கையில் கொட்டினேன், ஒரு சிட்டிகைதான் வந்தது. "இதுலயா பத்து மாத்திரை" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். மூட்டைகளைக் களத்து அறையில் வைத்துப் பூட்டியாயிற்று. பெரியப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான். கிரியாட்டினினும் யூரிக் ஆசிட்டும் நாளைக் காலை எடுக்கிறோம், ரிசல்ட் வந்ததும் போடுகிறேன்.

மருந்தாளுநர்_கரூர்:
நல்லது. வலி இருந்த நேரத்தில் எடுத்த யூரிக் ஆசிட் சில பேருக்கு நார்மலாகக் காட்டும், அதனால் இப்போது எடுப்பதுதான் சரி. அப்பா பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறாரா? நீர் பிரியும் மாத்திரையாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது யூரிக் ஆசிட்டை ஏற்றும்.