தலையைச் சுற்றி இறுக்கும் வலி: உங்கள் அனுபவம் என்ன?

திருப்பூர், பனியன் கம்பெனி டைலர்:

ஷிப்மெண்ட் வாரம் வந்தால் எங்கள் லைனில் பாதிப் பேருக்குத் தலைவலி. எனக்கு டீ நேரம் முடிந்ததும் பிடரியில் ஆரம்பிக்கும். அங்கிருந்து இரண்டு பொட்டுக்கும் ஏறி, ஈரத் துண்டை முறுக்கிக் கட்டினாற்போல் நிற்கும். விண் விண்ணென்று தெறிக்காது, குமட்டாது, படியேறினாலும் அதிகமாகாது. வீட்டில் "நீர் கோத்திருக்கு, ஆவி பிடி" என்றார்கள். சளியும் இல்லை, மூக்கடைப்பும் இல்லை. ஆவி பிடித்தும் கேட்கவில்லை.

டாக்டர் ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. நிறையக் கேள்வி கேட்டார். அப்புறம் பிடரியிலும் தோளிலும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அழுத்தியதும் வலி நேராகப் பொட்டில் வந்து நின்றது. நான் தினமும் படுகிற அதே வலி! கழுத்துத் தசை இறுகினால் தலையில் வலிக்கும் என்பதை அன்றுதான் நம்பினேன். டென்ஷன் தலைவலி என்றார். அரை மணி நேரத்திலும் போய்விடலாம், ஒரு வாரம் வரைக்கும் இழுக்கலாம் என்றார்.

எனக்கு அதிகம் உதவியது மிஷின் டேபிள்தான். மெக்கானிக் அண்ணனிடம் சொல்லிச் சற்று உயர்த்திக்கொண்டேன், குனிவது குறைந்தது. மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதில்லை. ராத்திரி கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம். ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரங்களில் இப்போதும் வருகிறது. அதற்கு ஒத்தடம் போதாது, வேலை நேரம்தான் குறைய வேண்டும்.

ஈரோடு, மெடிக்கல் கடை:

அக்கா, மாத்திரை பற்றி நான் சொல்கிறேன். எங்கள் கடைக்கு ஒரு தறிக்கார அம்மா வருவார். காஃபின் கலந்த தலைவலி மாத்திரைதான் கேட்பார், அதுவும் அட்டை அட்டையாக. காலையில் எழும்போதே வலி என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது. மாத்திரை போட்ட நாளையெல்லாம் காலண்டரில் வட்டமிடச் சொன்னேன். அடுத்த மாதம் பார்த்தால் வட்டமில்லாத நாளே குறைவு.

வெறும் பாராசிட்டமால் என்றாலும் மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி 3 மாதத்துக்கு மேல் போனால் அந்த மருந்தே தலைவலியைக் கொண்டுவரும். டாக்டரிடம் அனுப்பினேன். அதை நிறுத்தச் சொல்லி, ராத்திரிக்கு 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் கொடுத்தார். யாரோ அது மனநோய் மாத்திரை என்று சொல்லிவிட, பயந்து திரும்பி வந்தார். இந்தக் குறைந்த அளவில் அடிக்கடி வரும் தலைவலியைத் தடுக்கத்தான் தருகிறார்கள் என்று உட்காரவைத்து விளக்கினேன். நிறுத்திய முதல் சில நாள் வலி கூடத்தான் செய்தது. தாங்கிக்கொண்டார். இப்போது எப்போதாவதுதான் மாத்திரைக்கு வருகிறார்.

மதுரையிலிருந்து:

இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் எல்லாத் தலைவலியும் இதுவாக இருக்காது. என் அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிய வயதில் புதிதாகத் தலைவலி. தைலம் தடவிக்கொண்டே சில வாரம் ஓட்டினார். நடை தடுமாறியதும் அழைத்துப்போனோம். ஸ்கேனில் மூளைக்கு வெளியே ரத்தம் கட்டியிருந்தது. முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அறுவைசிகிச்சை செய்து இப்போது நன்றாக இருக்கிறார்.

திடீரென்று இடி விழுந்தாற்போல் வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கைகால் பலவீனமானாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டுப் பெரியவர்கள் தலைவலி என்றால், எங்காவது விழுந்தார்களா என்று முதலில் கேளுங்கள்.