ஆக்டிவ் ஸ்பீக்கர், பாசிவ் ஸ்பீக்கர்: கலைச்சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

மடிக்கணினியில் வெளி ஸ்பீக்கர் இணைப்பது பற்றிய உதவிப் பக்கம் தமிழாக்கத்தில் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயருக்குப் பெருக்கி என்று பாதி தூரம் ஓட்டியாயிற்று. ஆக்டிவ் ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர், அதாவது ஆம்ப், உள்ளேயே இருப்பது), பாசிவ் ஸ்பீக்கர் (ஆம்ப் இல்லாதது) வந்ததும் வண்டி நின்றுவிட்டது. சட்டென்று கைக்கு வருவது செயலுறு, செயலறு. "செயலறு ஒலிபெருக்கியை மடிக்கணினியில் நேரடியாக இணைக்கக் கூடாது" என்று எழுதினால், பழுதான ஸ்பீக்கரை எவன் இணைப்பான் என்றுதான் படிப்பவர் கேட்பார். வேறு சொல் உண்டா?

———

ஐயா,

செயலறு மட்டுமா சிக்கல்? ஒலிபெருக்கி என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. வருகிற மின்னலையைக் காகிதக் கூம்பின் அசைவாக மாற்றுகிறது, அவ்வளவுதான். பெருக்குவது ஆம்ப். கோயில் திருவிழாவில் மைக், ஆம்ப், குழாய் மூன்றையும் சேர்த்து ஒலிபெருக்கி என்கிறோம். அங்கே அது பொருந்தும். இங்கே "பெருக்கியுள்ள ஒலிபெருக்கி, பெருக்கியில்லாத ஒலிபெருக்கி" என்று எழுதினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

சொல்லில் ஆம்ப் தெரிய வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மடிக்கணினியின் காதொலிப்பான் துளையில் பொதுவாக வருவது சுமார் 1 வோல்ட். 32 ஓம் காதொலிப்பானுக்கு அது ஏறக்குறைய 31 மில்லிவாட், காதுக்குத் தாராளம். அதே துளையில் ஆம்ப் இல்லாத 4 ஓம் பாக்ஸை மாட்டினால் 250 மில்லியாம்பியர் இழுக்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் சில்லு அவ்வளவு கொடுக்காது. கொசு பாடுவதுபோல் ஒலி வரும், கூட்டினால் கரகரக்கும். பயனர் உடனே கணினியின் ஒலி டிரைவர் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவ ஆரம்பிப்பார்.

என் முன்மொழிவு: ஸ்பீக்கர் – ஒலிப்பெட்டி. ஆக்டிவ் – உட்பெருக்கி ஒலிப்பெட்டி. பாசிவ் – வெற்று ஒலிப்பெட்டி.

———

> பாசிவ் – வெற்று ஒலிப்பெட்டி

வெற்றுப் பெட்டி என்றால் காலிப் பெட்டி. கடையில் ஸ்பீக்கர் பொருத்தாத காலி மரப்பெட்டி தனியாகவே விற்கிறது. இந்தச் சொல்லை நம்பிப் போகிறவர் அதைத்தான் வாங்கி வருவார்.

ஒலிபெருக்கியைத் தூக்கி எறிவதும் எனக்கு உடன்பாடில்லை. காவல்துறை அனுமதி முதல் செய்தித்தாள் வரை அதுதான் புழக்கம், இலங்கையிலும் அதுதான். இன்னொன்று: மடிக்கணினிக்கு உள்ளேயே இரண்டு சின்ன ஸ்பீக்கர் இருக்கின்றன. அவற்றுக்கு ஏது பெட்டி? அமைப்புகள் பட்டியலில் உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் பொதுப்பெயர் வேண்டும். அங்கே ஒலிபெருக்கி இருக்கட்டும். வெளியே மேசைமேல் வைப்பதை மட்டும் ஒலிப்பெட்டி என்போம். பாசிவுக்குப் 'பெருக்கியில்லா ஒலிப்பெட்டி'. நீளம்தான், ஆனால் எச்சரிக்கை பெயரிலேயே வந்துவிடுகிறது.

———

நண்பர்களே, உட்பெருக்கி நல்ல சொல். ஆனால் ஒரு பெட்டிக்கு அந்தப் பெயரை ஒட்டும்முன் 2.0 செட் (இரண்டே பெட்டி உள்ளது) ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். இரண்டில் ஒரு பெட்டியின் முதுகில் மின்வடம், ஒலியளவுத் திருகு, ஒலி நுழையும் துளை எல்லாம் இருக்கும். மற்றதில் ஒரே ஒரு வயர், அதுவும் முதல் பெட்டிக்குத்தான் போகும். பல செட்டுகளில் ஆம்ப் ஒரு பெட்டியில் மட்டுமே. இன்னொன்று சுத்தமான பாசிவ். செட்டை ஆக்டிவ் என்று விற்பார்கள், அதில் பாதி ஆக்டிவ் இல்லை. பயனர் அந்த இரண்டாவது பெட்டியின் வயரை மடிக்கணினியில் செருகிவிட்டு "சத்தமே வரலை" என்பது அடிக்கடி வரும் புகார்.

ஆகவே 'உட்பெருக்கி' செட்டுக்குப் பெயராகட்டும். ஆம்ப் உள்ளது தலைப்பெட்டி, மற்றது துணைப்பெட்டி. "ஒலிவடத்தைத் தலைப்பெட்டியிலிருந்து மடிக்கணினிக்கு, துணைப்பெட்டியைத் தலைப்பெட்டிக்கு" என்று ஒரே வரியில் முடியும்.

அடையாளமும் எழுதிவிடுங்கள்: பின்னால் சிவப்பு, கறுப்பு அமுக்குப் பிடிகளில் வெறும் வயரைச் செருகும் அமைப்பு மட்டும் இருந்து, மின்வடமே இல்லையென்றால் பெருக்கியில்லாதது. அதற்கு இடையில் தனி ஆம்ப் வேண்டும். யுஎஸ்பியில் ஓடும் சிறிய செட்டுகளில் இரண்டு வடம் தொங்கும். பலவற்றில் யுஎஸ்பி மின்சாரத்துக்கு மட்டும், ஒலி 3.5 மி.மீ. காதொலிப்பான் துளை வழியாகத்தான் போகும். ஒன்றை மட்டும் செருகிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. மின்வடம், ஒலிவடம் என்று பிரித்தே எழுதுவது நல்லது.

———

தலைப்பெட்டி, துணைப்பெட்டி பிரமாதம். என் ஓட்டு அதற்கே.

அடுத்த பஞ்சாயத்து 'ஜாக்'. ஆங்கிலத்தில் அது துளை. நம் கடைகளில் துளையும் ஜாக், செருகுவதும் ஜாக், சில இடங்களில் பின். நுழைவது செருகி, வாங்குவது செருகுவாய் என்று வைக்கலாம்.

செருகியின் வகைக்குப் பொறியாளர் மும்முனை, நான்முனை என்பார்கள். பயனர் கண்ணுக்கு முனை தெரியாது, உலோகத்தின் குறுக்கே ஓடும் கறுப்புக் கோடுகள்தான் தெரியும். இரண்டு கோடு என்றால் இடம், வலம், பொது – ஒலிப்பெட்டி வடம். மூன்று கோடு என்றால் மைக்கும் சேர்ந்தது. இருகோட்டுச் செருகி, முக்கோட்டுச் செருகி என்றே எழுதுங்கள், எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள். மடிக்கணினியில் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளை இருந்தாலும் இருகோட்டுச் செருகி அதில் சரியாகவே வேலை செய்யும்: அதன் அடிப்பகுதி மைக் தொடுமுனையையும் பொதுமுனையையும் சேர்த்துத் தொடும், மைக் இல்லை என்று கணினி புரிந்துகொள்ளும்.

பாட்டின் இசை கேட்டு, பாடுபவர் குரல் மட்டும் குகைக்குள் போனதுபோல் மங்கினால் செருகி முழுதாக உள்ளே போகவில்லை. பொதுமுனை தொடாதபோது இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஒலிக்கும். இரண்டிலும் சமமாகப் பதிந்த குரல் கழிந்துபோகும். மடிக்கணினி உறை விளிம்பு தடித்திருந்தாலும் இப்படி ஆகும்.

———

பெருக்கியில்லா என்ற வாய்பாடு இன்னோரிடத்திலும் உதவும். 3.5 மி.மீ. துளையே இல்லாத மடிக்கணினிக்கு டைப்-சி மாற்றி வாங்குவார்கள். சில மாற்றிகள் வெறும் கம்பி இணைப்பு, சிலவற்றில் எண்முறை ஒலியை மின்னலையாக்கும் சில்லு இருக்கும். முதல் வகை சில கைப்பேசிகளில் ஓடும், பெரும்பாலான மடிக்கணினிகளில் ஓடாது. இரண்டையும் 'மாற்றி' என்று எழுதினால் மோசம். சில்லுள்ள மாற்றி, சில்லில்லா மாற்றி?

ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று விடாமல் கேட்கும் ஹம் என்பதற்கு இரைச்சல் வேண்டாம். இரைச்சல் நாய்ஸுக்குப் போய்விட்டது. ரீங்காரம் போடலாம். சார்ஜரைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால் எர்த் வழியாக வருகிறது என்று பொருள். சார்ஜரையும் ஒலிப்பெட்டியின் மின்வடத்தையும் ஒரே மின்பலகையில் செருகிப் பார்க்கலாம், அல்லது ஒலிவடத்தின் நடுவே சிறு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். எர்த் பின்னை ஒடிப்பது மட்டும் கூடாது, அதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

———

அனைவருக்கும் நன்றி. பக்கத்தில் ஏறப்போகும் பத்தி இது:

"உங்கள் ஒலிப்பெட்டியில் மின்வடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்தப் பெட்டியிலும் அது இல்லாமல், பின்னால் வெறும் வயரைச் செருகும் அமுக்குப் பிடிகள் மட்டும் இருந்தால் அது பெருக்கியில்லா ஒலிப்பெட்டி. தனிப் பெருக்கி வழியாகவே இணைக்க வேண்டும். உட்பெருக்கிச் செட் என்றால் தலைப்பெட்டியின் ஒலியளவைச் சுழியத்தில் வைத்து, இருகோட்டுச் செருகியை மடிக்கணினியின் செருகுவாயில் 'டக்' என்று உட்காரும்வரை தள்ளுங்கள். மடிக்கணினி ஒலியளவை 75 சதவீதம் அளவில் வைத்து, மீதியைத் தலைப்பெட்டித் திருகில் மெல்லக் கூட்டுங்கள். ஒலி இன்னும் மடிக்கணினிக்குள்ளேயே கேட்டால், ஒலி அமைப்புகளில் வெளியீட்டுக் கருவியை மாற்றுங்கள்."

சில்லுள்ள மாற்றியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். செருகுவாய் சிலருக்கு வினைமுற்றாகப் படும், 'நீ செருகுவாய்' என்பதுபோல. செருகுதுளை என்று மாற்றிவிடட்டுமா?