ஸ்பானிஷ் முதல் நிலை வகுப்பு: இங்கிலீஷ் வழியாச் சுத்திப் போகாதீங்க

கோயமுத்தூர், மாலை வகுப்பில் சொல்லித்தருபவர்:

சமுதாயக் கல்லூரியிலோ மாலை வகுப்பிலோ ஸ்பானிஷ் சேரப் போறவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லணுமுங்க. பாடப்புத்தகம் இங்கிலீஷ் விளக்கத்தோட வரும். அதை அப்படியே பிடிச்சுக்கிட்டுப் போனா பாதி இடத்துல தடுக்கும். தமிழ்ல நேரா யோசிச்சா அதே இடம் லேசா இருக்கும்.

ஒலியில இருந்து பார்ப்போம். 'டேபிள்', 'டாக்டர்' ரெண்டுலயும் நாம ட போடுறோம். அந்த ரெண்டு எழுத்துக்கும் (t, d) ஸ்பானிஷ்ல நாக்கு பல்லைத் தொடணும், அண்ணத்துக்குப் போகக் கூடாது. 'நீ'ங்கிறது 'தூ', 'டூ' இல்லை. சொல்லுக்கு நடுவுல வல்லினம் மெலியிறதும் நம்ம மாதிரியேதான். 'பக்கம்'ங்கிற பொருள்ல வர்ற 'லாதோ'வுல இருக்கிற த, நாம 'அது'ன்னு சொல்றப்ப வர்ற த. 'அமீகோ'வோட க கிட்டத்தட்ட 'மகன்'ல வர்ற க. இதை இங்கிலீஷ் வழியா விளக்கப் போனா அரை மணி நேரம் ஆகும்.

சிக்கல் வர்றது ரெண்டு இடத்துல. ஒண்ணு, பல் உதட்டுல படுற வ அங்க கிடையாது. எழுத்து அப்படி (v) இருந்தாலும் ரெண்டு உதடும் சேர்ந்த, 'பஸ்'ல வர்ற ப மாதிரிதான் ஒலிக்கணும். இன்னொண்ணு, அதிர்கிற ற. 'பெரோ'ன்னா 'ஆனால்', 'பெர்ரோ'ன்னா நாய். நம்ம பக்கத்துப் பேச்சுல ர, ற ரெண்டும் கலந்துபோச்சு, அதனால காதுக்கே வித்தியாசம் தெரியாது. சொல்லோட முதல்ல ஒற்றை ர வந்தாலும் அதிரணும். 'துணிமணி'ங்கிற 'ரோப்பா' அப்படித்தான். 'திருதிரு'ன்னு வேகமா, நாக்கைத் தளர்த்தி, மூச்சைத் தள்ளித் தினம் 5 நிமிஷம் சொல்லிப் பழகுங்க. நாக்கை இறுக்கினா அதிராது. பெரும்பாலும் கெடுறது அந்த இறுக்கத்துலதான்.

இலக்கணத்துல நமக்குக் கிடைச்ச பெரிய வரவு 'மே குஸ்தா'. 'ஐ லைக்'ல இருந்து போறவங்க 'யோ குஸ்தோ'ன்னு எழுதி மார்க்கை விடுவாங்க. 'எனக்குக் காபி பிடிக்கும்'னு நினைச்சா 'மே குஸ்தா எல் கஃபே' தானா வரும். 'மே'தான் நம்ம 'எனக்கு'. பிடிக்கிற பொருள் பலவா இருந்தா மட்டும் 'குஸ்தான்'னு ஒரு ன் சேரும். நம்ம 'பிடிக்கும்' மாறாததால அந்த ன் விட்டுப்போகும், அங்க கவனம் வேணும்.

அடுத்தது, ஆட்களுக்கு முன்னால போடுற 'ஆ'. 'வீடு பார்க்கிறேன்'னு ஐ உருபு இல்லாமச் சொல்லலாம், 'அம்மா பார்க்கிறேன்'னு சொல்ல முடியாது, 'அம்மாவை'ன்னுதான் வரணும். அங்கயும் 'பேயோ உனா காசா', ஆனா 'பேயோ ஆ மி மாத்ரே'. ஐ கட்டாயமா வர்ற இடத்துல ஆள் இருந்தா 'ஆ' போடுங்க. முதல் நிலைக்கு இது போதும்.

திருப்பூர், ஏற்றுமதி மெர்ச்சண்டைசிங்கில் (ஆர்டர் கவனிக்கும் வேலை) இருப்பவர்:

மேல சொன்னதோட, பனியன் கம்பெனியில இருந்து படிக்கப் போற தம்பி தங்கச்சிகளுக்கு. இங்கிலீஷ் ஜாடையில இருக்கிற சொல்லை நம்பாதீங்க. 'ஃபாப்ரிகா'ன்னா தொழிற்சாலை. துணிக்கு 'தேலா'. 'லார்கோ'ங்கிறது லார்ஜ் இல்லை, நீளம். அளவு சார்ட்டுல 'லார்கோ'வுக்கு நேரா இருக்கிற எண்ணை லார்ஜ் சைஸுன்னு எடுத்தா கட்டிங்கே தப்பாயிரும். அகலத்துக்கு 'ஆன்ச்சோ', மார்புக்கு 'பெச்சோ'. 'மாங்கா'ன்னா கை: 'மாங்கா கோர்த்தா' அரைக்கை, 'மாங்கா லார்கா' முழுக்கை. 'முவெஸ்த்ரா' சாம்பிள், 'பெதீதோ' ஆர்டர், 'பிளாசோ தே எந்த்ரேகா' டெலிவரி கெடு. இந்தப் பத்துப் பன்னிரண்டு சொல் வகுப்புப் புத்தகத்துல கடைசிப் பாடத்துல வந்தாலும் வரும், வராமயும் போகும். நீங்களே ஒரு நோட்டுல எழுதிக்குங்க.

எண்ணுல இன்னும் கவனம் வேணும். ஸ்பெயின்ல இருந்து வர்ற தாள்ல 12.000ன்னு இருந்தா பன்னிரண்டாயிரம். 1,5ன்னு இருந்தா ஒண்ணரை. புள்ளியும் கமாவும் நமக்கு நேரெதிர். 12.000த்தை அப்படியே நம்ம கம்ப்யூட்டர் எக்செல்லுல அடிச்சா 12ன்னு எடுத்துக்கும். மெக்ஸிகோக்காரங்க நம்மள மாதிரியே தசமத்துக்குப் புள்ளிதான் வைக்கிறாங்க, அதனால தாள் எந்த நாட்டுதுன்னு முதல்ல பாருங்க. போன்ல 60க்கு 'செசெந்தா', 70க்கு 'செதெந்தா', 2க்கு 'தோஸ்', 12க்கு 'தோசே'. கேட்ட எண்ணை ஒவ்வொரு இலக்கமாத் திருப்பிச் சொல்லி உறுதி பண்ணுங்க. தேதி மட்டும் நம்ம வழக்கம்தான், நாள், மாதம், வருஷம்.

ஈரோடு, தேர்வுக்குத் தயார் செய்பவர்:

வாரம் 4 மணி நேரம், 15 வாரம்னா 60 மணி நேரம். ஏ1ங்கிற முதல் நிலையை முடிக்க வகுப்புல இவ்வளவு வேணும், வீட்டுலயும் அதே அளவு. சான்றிதழ் வேணும்னா டெலே தேர்வு. ஸ்பெயின் அரசு 1991ல் தொடங்கின இன்ஸ்தித்தூதோ செர்பாந்தேஸ் நடத்துறது, அதுக்கு டெல்லியில மையம் இருக்குது. நாலு பகுதி, ஒவ்வொண்ணும் 25. வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்பதும் பேசுவதும் ஒரு தொகுதி. ரெண்டுலயும் தனித்தனியா 50க்கு 30 எடுக்கணும். வாசிப்பு, எழுத்துத் தொகுதியில 48 வாங்கி, பேச்சுத் தொகுதியில 27 வந்தா தேர்ச்சி இல்லைங்க. நம்ம பிள்ளைங்க நோட்டு நிறைய எழுதிட்டு வாயைத் திறக்காம இருக்கிறது இங்கதான் அடிக்கும். முதல் வாரத்துல இருந்தே சத்தமா வாசிக்கணும்.

கம்ப்யூட்டர்ல ஸ்பானிஷ் ஞ (ñ) எழுத்துக்கு ஆல்ட்டை அழுத்திக்கிட்டு எண் பலகையில 164. தலைகீழ்க் கேள்விக்குறிக்கு 168. போன்ல சாதா ன (n), சாதா கேள்விக்குறியை அழுத்திப் பிடிச்சாப் போதும். வயசு சொல்றப்ப ஞ இடத்துல சாதா ன போட்டா சொல் ஆபாசமாயிரும், அதனால விட்டுராதீங்க.

பால் வேறுபாட்டுக்குக் குறுக்குவழி இல்லை. நமக்குப் பொருளெல்லாம் அஃறிணை, அங்க ஆண் பெண்ணுன்னு பிரிஞ்சிருக்கும். சொல்லைத் தனியா மனப்பாடம் பண்ணாதீங்க, 'லா மேசா', 'எல் அர்மாரியோ'ன்னு முன்னால வர்ற 'லா' (பெண்), 'எல்' (ஆண்) சேர்த்தே படிங்க. மேசையும் அலமாரியும் போர்ச்சுகீசியர் வழியா நமக்கு வந்த சொற்கள், அதனால உடனே மனசுல நிக்கும். 'எல் ப்ரொப்ளேமா', 'எல் தீயா', 'லா மானோ' மூணும், ஓவுல முடிஞ்சா ஆண், ஆவுல முடிஞ்சா பெண்ணுங்கிற பொது வழக்கத்துக்கு மாறானது, தேர்வுல அடிக்கடி வரும்.

கோயமுத்தூர், மறுபடியும்:

இங்கிலீஷ் 'ஆம்', 'இஸ்'க்கு ஸ்பானிஷ்ல 'சேர்', 'எஸ்தார்'னு ரெண்டு வினை இருக்குது, எதை எங்க போடுறதுன்னு படிக்கிறவங்க கேட்டிருந்தாங்க. 'நான் வாத்தியார்'னு வினை இல்லாம முடியுற வாக்கியத்துக்குச் 'சேர்': 'சோய் ப்ரொஃபெசோர்'. 'வீட்டுல இருக்கேன்', 'களைப்பா இருக்கேன்'னு 'இரு' வர்ற இடத்துக்கு 'எஸ்தார்'. முக்கால்வாசி இது சரியா வரும். மாட்டுற இடம் ரெண்டு. 'உயரமா இருக்கான்'னு நாம 'இரு' போடுவோம், அங்க நிலையான குணம்னு 'எஸ் ஆல்தோ'. விருந்து, கூட்டம் எங்க நடக்குதுன்னு சொல்றதுக்கும் 'சேர்'தான்.

'நீங்க'வுக்கு 'உஸ்தேத்'. வினை மட்டும் 'அவர்' வடிவத்துல போகும். நம்ம ஊர்ல சின்னப் பையனைக்கூட 'வாங்க'ன்னு கூப்பிடுவோம், அந்தப் பழக்கத்துல எல்லாருக்கும் 'உஸ்தேத்' வரும். ஸ்பெயின்ல சம வயசுக்காரங்ககிட்ட 'தூ'தான் சகஜம். கொலம்பியாவுல சில பகுதிகள்ல வீட்டுக்குள்ளயே 'உஸ்தேத்' போடுவாங்க. புதுசா வர்ற பையர்கிட்ட (சரக்கு வாங்குறவங்ககிட்ட) 'உஸ்தேத்'ல தொடங்குங்க, அவங்க 'தூ'வுக்கு மாறினா நீங்களும் மாறிக்கலாம்.